முட்டுக்கட்டை போட ஆள் இல்லாத தேர்

(‘ஊக்க மருந்தின் பக்கம் இளைஞர்களை இழுப்பது அவர்களுடைய ஆசையே! நம்முடைய அவசரமே!’ என்ற தலைப்பில் வில்லியனூரில் நடந்த பட்டிமன்றத்தில், ‘நம்முடைய அவசரமே’ அணியில் பேசியது.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! என் அணியின் தோழர்களே! எதிரணியிலே இருந்துகொண்டு எனக்கு நல்ல நல்ல பாயிண்டாக எடுத்துக் கொடுத்த என் அருமை நண்பர்களே! (சிரிப்பு) பாகூரிலிருந்தும் கரிக்கலாம்பாக்கத்திலிருந்தும் மங்கலத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்து, பனியிலே உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியவர்களே!

நடுவர் அவர்களே, புதுச்சேரி என்று சொன்னாலே வெளியூர்க்காரன் கண்ணிலே ஒரு வெளிச்சம் வருது. (சிரிப்பு) ‘சார், நீங்க பாண்டிச்சேரியா?’ன்னு கேட்கிறபோதே குரல் மாறிப்போகுது. நான் தமிழ் வாத்தியார், பாரதியும் பாரதிதாசனும் வாழ்ந்த ஊர்னு சொல்லிப் பார்க்கிறேன். அவன் காதிலே அது விழறதே இல்லை! (கைதட்டல்) ஆனால் இன்றைக்கு நாம் பேசுவது பாட்டில் விவகாரம் இல்லை. பாட்டிலைவிட மோசமான ஒன்று. ஏன் மோசம்? பாட்டிலுக்கு வாசனை உண்டு. குடித்துவிட்டு வந்தவன் வாசல்படியிலேயே மாட்டிக்கிறான். தள்ளாடுகிறான், உளறுகிறான். அவனுடைய அம்மா இருட்டிலேகூடக் கண்டுபிடித்து விடுவாள். மாத்திரைக்கு என்ன வாசனை? ஊக்க மருந்து போட்டவன் தள்ளாட மாட்டான் ஐயா. நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பான்! விடியற்காலம் மூணு மணிக்கு விளக்கு எரியும். ‘எம் புள்ளைக்குப் பொறுப்பு வந்திடுச்சு’ன்னு பெத்தவள் கோகிலாம்பாளுக்கு விளக்குப் போடுவாள். கெட்டுப்போகிற பிள்ளை திருந்திவிட்ட பிள்ளை மாதிரியே தெரிகிறானே, அதுதான் கொடுமை.

எதிரணித் தோழர் என்ன சொன்னார்? ‘கூடாதுன்னு தெரியும், தெரிஞ்சேதான் சாப்பிடறான். அது அவன் ஆசை, அவன் கொழுப்பு’ன்னு சொன்னார். கை தட்டினீங்க. நானும் தட்டினேன், அழகாகச் சொன்னார் என்பதற்காக. ஆனால் ஆசை என்பது என்ன? சந்தோஷத்துக்காகச் செய்கிற ஒன்று. இந்தப் பையன்களிடம் போய்க் கேளுங்கள், எதற்காகப் போட்டேன்னு. ஒருத்தன் நீட் தேர்வு என்பான். ஒருத்தன் போலீஸ் வேலைக்கு ஓட்டம் ஓடணும் என்பான். ஒருத்தன் சேதராப்பட்டிலேயோ திருபுவனையிலேயோ கம்பெனியிலே ராத்திரி ஷிப்டு பார்க்கிறவன், கண் மூடினால் கை மெஷினுக்குள்ளே போயிடும் என்பான். இதிலே சந்தோஷம் எங்கே இருக்குது? மதிப்பெண் வாங்கவும் வேலை வாங்கவும் மாத்திரை சாப்பிடுகிற தலைமுறையை நாம் வளர்த்து வைத்திருக்கிறோம் ஐயா. அது ஆசைக்கணக்கிலே சேருமா, நம்ம அவசரத்தின் கணக்கிலே சேருமா?

முதலில் அந்த மருந்துகள் என்னவென்று தெரிந்துகொள்வோம். ஊக்க மருந்து எல்லாமே விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது பாவம். மெத்தில்ஃபெனிடேட்னு ஒரு மருந்து. 1944இலே சுவிட்சர்லாந்திலே, சீபா கம்பெனியிலே, பானிசோன் என்ற வேதியியலார் உண்டாக்கியது. அவர் மனைவி மார்கரீட், செல்லமாக ரீட்டா. அந்த அம்மாவுக்கு ரத்த அழுத்தம் குறைவு. டென்னிஸ் ஆடுவதற்கு முன்னாலே இதைச் சாப்பிட்டுப் பார்த்து, நன்றாக ஆட முடிகிறது என்றாராம். உடனே அந்த மனுஷர் மருந்துக்கு ‘ரிட்டலின்’னு மனைவி பெயரையே வைத்துவிட்டார். நம்ம ஊரிலே மனைவி பெயரிலே வீடு வாங்குவான், வண்டி வாங்குவான், எல்லாம் வரிக்குப் பயந்து! (சிரிப்பு) அந்த மனுஷன் மருந்துக்கே வைத்தான்.

அந்த மருந்து இன்றைக்கும் தேவையான மருந்துதான். ஒரு இடத்திலே உட்கார முடியாமல், எதிலும் கவனம் நிற்காமல் தவிக்கிற குழந்தைகள் இருக்கிறார்கள். அது சேட்டை இல்லை, மருத்துவர்கள் அறிந்த ஒரு கோளாறு. அவர்களுக்குப் பரிசோதித்து, அளவு பார்த்து எழுதிக் கொடுக்கிறார்கள். அப்படி ஒரு பிள்ளையின் தாய் இந்தக் கூட்டத்திலே இருந்தால், என் பேச்சைக் கேட்டு நாளைக்கு மருந்தை நிறுத்திவிடாதீர்கள் அம்மா. உங்களுக்குச் சொல்லவில்லை. சட்டத்திலே இதை எங்கே வைத்திருக்கிறார்கள் தெரியுமா? 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலிலே. அவ்வளவு கட்டுப்பாடு எதற்கு? தேவைப்படாதவன் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்ததனாலே.

அடுத்தது, உடற்பயிற்சிக் கூடத்துப் பையன்கள் தேடுகிற மருந்து. மெஃபென்டெர்மின். ஊசி மருந்து. இந்தியாவிலே பல மாநிலங்களிலே இதை ஜிம்முக்குப் போகிற இளைஞர்கள் தாங்களே குத்திக்கொள்கிறார்கள் என்று மனநல மருத்துவர்கள் ஆய்விதழ்களிலே எழுதியிருக்கிறார்கள். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு தடை செய்த பட்டியலிலே இருக்கிற மருந்து. ஆனால் இது எதற்காக வந்த மருந்து? தாய்மார்களே, கொஞ்சம் கேளுங்கள். சிசேரியன் ஆபரேஷனிலே முதுகுத்தண்டிலே ஊசி போடுகிறார்கள் இல்லையா? அப்போது சிலருக்கு ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கும். இறங்க விட்டால் தாய்க்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. அந்த நேரத்திலே அழுத்தத்தைத் தூக்கி நிறுத்துவதற்கு வைத்திருக்கிற மருந்துகளிலே இது ஒன்று. பக்கத்திலே மயக்க மருந்து டாக்டர் நிற்பார், மானிட்டர் ஓடிக்கொண்டிருக்கும், ஒவ்வொரு நிமிஷமும் எண்ணைப் பார்ப்பார்கள். இங்கே உட்கார்ந்திருக்கிற ஒரு தாயின் உயிரை ஒருநாள் இந்த மருந்து காப்பாற்றியிருக்கலாம். அன்றைக்குப் பிறந்த பிள்ளை இன்றைக்கு இருபது வயசிலே, அதே மருந்தை, ஜிம் கழிப்பறையிலே நின்றுகொண்டு, மானிட்டர் இல்லாமல், டாக்டர் இல்லாமல், நண்பன் கையிலே ஊசியைக் கொடுத்துக் குத்திக்கொள்கிறான். (அரங்கில் அமைதி)

திருவள்ளுவர் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரமே வைத்தார். 95ஆவது அதிகாரம். அதன் கடைசிக் குறளிலே மருத்துவத்தை நாலு பகுதியாகப் பிரிக்கிறார். நோயாளி ஒன்று, அதைத் தீர்க்கிற மருத்துவன் ஒன்று, மருந்து ஒன்று, கூடவே இருந்து கவனித்துக்கொள்கிறவன் ஒன்று. நாலும் சேர்ந்தால்தான் மருத்துவம். இந்தப் பையன் கதையிலே பொருத்திப் பாருங்கள். நோய் இருக்கிறதா? இல்லை, நல்லாத்தான் இருக்கிறான். மருத்துவன்? இல்லை. கூட இருந்து கவனிக்கிறவன்? அவனும் இல்லை. நாலிலே மூணு காணோம்! மிச்சம் இருப்பது மருந்து மட்டும்தான். (கைதட்டல்)

சரி, அந்த மருந்து உடம்புக்குள்ளே போய் என்ன செய்யுது? ‘சக்தி தருது’ன்னு பையன்கள் சொல்கிறார்கள். தரவில்லை ஐயா! பாகூர்க்காரர்களுக்கு நான் ஏரிக் கணக்கிலேயே சொல்கிறேன். மதகைத் திறந்தால் வாய்க்காலிலே தண்ணீர் குபுகுபுவென்று ஓடும். அந்தத் தண்ணீரை மதகா உண்டாக்கியது? ஏரியிலே தேங்கியிருந்தது, வெளியே வருது. நம்ம நரம்பு முனையிலே நார்அட்ரினலின் என்று ஒரு பொருளை உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்திருக்கிறது, ஆபத்துக் காலத்துக்கென்று. மெஃபென்டெர்மினும் அம்ஃபெடமைனும் போய் அந்த மதகைத் திறந்து விடுகின்றன. இதயம் அடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும், களைப்பு தெரியாது, பசி தெரியாது. பையன் நினைக்கிறான், நமக்குப் புதுப் பலம் வந்திடுச்சுன்னு. அவன் செலவழிப்பது அவனுடைய சேமிப்பை! அடிக்கடி திறந்தால் ஏரி வற்றும். அதனாலேதான் நேற்றுப் போட்ட அளவு இன்றைக்கு வேலை செய்யாது. அளவைக் கூட்டுவான். நாளைக்கு அதுவும் போதாது. பிறகு தூக்கம் போகும், கை நடுங்கும். யாரோ பின்னாலேயே வருகிற மாதிரி சந்தேகம் வரும். இல்லாத குரல் காதிலே கேட்கும். பேய் பிடித்திருக்குன்னு மந்திரிக்க அழைத்துப் போவோம். ஊசியைப் பங்கு போட்டுக்கொண்டால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள் வேறே.

எதிரணியிலே இளைஞர் ஒருவர் பேசினார். நல்லாப் படிக்கிற தம்பி. ‘பால் ஏர்டிஷ் என்ற கணித மேதை ஊக்க மாத்திரை சாப்பிட்டுத்தானே அவ்வளவு கணக்குப் போட்டார்?’ன்னு கேட்டார். தம்பி, நீங்க பாதியைத்தான் படிச்சிருக்கீங்க, மீதியை நான் சொல்றேன். ஏர்டிஷ் பிறந்தது 1913. அவர் மாத்திரையைத் தொட்டது 1971க்கு அப்புறம், தாயார் இறந்த துக்கத்திலே, டாக்டர் கொடுத்து. அப்போது அவருக்கு வயசு 58! பகா எண்களைப் பற்றி அவர் பேர் வாங்கிய முதல் நிரூபணம் 1932இலே, பத்தொன்பது வயசிலே வந்தாச்சு. 1949இலே அதைவிடப் பெரிசும் வந்தாச்சு. அதெல்லாம் எந்த மாத்திரையிலே வந்தது? (கைதட்டல்) 1979இலே கிரஹாம் என்ற நண்பர் பந்தயம் கட்டினார், ‘ஒரு மாசம் இதைச் சாப்பிடாமல் இரு பார்க்கலாம்’னு. 500 டாலர் பந்தயம். ஜெயித்தார். ஜெயித்துவிட்டு என்ன சொன்னார்? அந்த ஒரு மாசமும் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன், உன்னாலே கணிதமே ஒரு மாசம் பின்னாலே போயிடுச்சுன்னு குறைப்பட்டுக்கொண்டார். மறுபடி மாத்திரைக்கே போனார். பத்தொன்பது வயசிலே சொந்த மூளையாலே உலகத்தை அசைத்த மனிதர், கடைசியிலே மாத்திரை இல்லாவிட்டால் வெறுந்தாள்! இந்த உதாரணம் எங்க அணிக்குத்தான் தம்பி சேரும்.

இன்னும் சந்தேகம் இருந்தால் 2023இலே மெல்போர்ன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வைச் சொல்கிறேன். ஆரோக்கியமான 40 பேர், 18 வயசிலிருந்து 35 வயசுக்குள்ளே. மூட்டைப் புதிர்னு ஒன்று கொடுத்தார்கள். ஒரு பை இருக்கு, இவ்வளவு எடைதான் தாங்கும். பல சாமான் இருக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை, ஒரு எடை. எதை எதை எடுத்து வைத்தால் பையின் மதிப்பு அதிகமாகும்? நம்ம வில்லியனூர்ச் சந்தைக்கு வருகிற அம்மா இதை மனசிலேயே போட்டுவிடுவார்! (சிரிப்பு) ஊக்க மருந்து சாப்பிட்டபோது அவர்கள் அதிக நேரம் உழைத்தார்கள், எடுத்து வைத்து எடுத்து வைத்து வேகமாக மாற்றினார்கள். ஆனால் யோசனையின் தரம் குறைந்துபோனது. மருந்து இல்லாதபோது சராசரிக்கு மேலே இருந்தவர்களிலே பலர் மருந்தோடு சராசரிக்குக் கீழே இறங்கினார்கள். பையன் ராத்திரி முழுக்கப் படிக்கிறான் என்பது நிஜம். என்ன படித்தான் என்பதுதான் பரீட்சை மண்டபத்திலே தெரியும்.

இப்போது நான் கேட்கிறேன். களைப்பு என்பது எதற்காக உடம்பிலே இருக்கிறது? இந்த ஊர்த் தேரை நினைத்துப் பாருங்கள். பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து கவர்னரே வந்து வடம் பிடிக்கிற தேர். ஆயிரம் பேர் வடம் பிடிக்கிறார்கள். டி.வி.யிலே எல்லாரையும் காட்டுகிறார்கள். யாரைக் காட்டுவதில்லை? சக்கரத்துப் பக்கத்திலே, புழுதியிலே, கையிலே கட்டையை வைத்துக்கொண்டு குனிந்தபடியே ஓடுகிறானே, முட்டுக்கட்டை போடுகிறவன், அவனைக் காட்டுவதில்லை. அவன் இல்லாவிட்டால் தேர் ஓடும், நன்றாகவே ஓடும், பக்கத்து வீட்டுத் திண்ணை வரைக்கும் ஓடும்! நாம் என்ன செய்கிறோம்? யாரையாவது திட்டணும்னா ‘முட்டுக்கட்டை போடறான்’னு திட்டுகிறோம். உடம்பிலே அந்த வேலையைச் செய்வது களைப்பு. போதும், நில்லு, தூங்கு என்று சொல்கிறவன் அவன்தான். ஊக்க மருந்து அவனைப் பிடித்து வெளியே தள்ளிவிடுகிறது.

1967, ஜூலை 13. பிரான்சிலே நடக்கிற பெரிய சைக்கிள் பந்தயம். டாம் சிம்ப்சன் என்று இங்கிலாந்து வீரர், வயசு 29, உலகச் சாம்பியனாக இருந்தவர். வான்தூ மலை ஏறுகிறார்கள், கடுமையான வெயில். அவர் உடம்பிலே அம்ஃபெடமைன் இருந்தது. சாதாரண மனிதனாக இருந்தால் உடம்பு படுத்திருக்கும், அவரும் பிழைத்திருப்பார். அவருக்கு உடம்பு சொன்னது கேட்கவில்லை. வண்டி வளைந்து வளைந்து போய் ஒரு தடவை விழுந்தார். தூக்கி ஏற்றினார்கள். கொஞ்ச தூரம் போய் மறுபடியும் சரிந்தார். மலை உச்சி தெரிகிற தூரத்திலேயே உயிர் போயிற்று. அது பிரான்சு நாட்டு மலை வெயில். நம்ம பையன் மே மாசத்துப் பாகூர் வெயிலிலே ஓட்டப் பயிற்சி செய்கிறான் ஐயா.

இதிலே நம்ம அவசரம் எங்கே வந்ததுன்னு எதிரணி கேட்கும். பாகூருக்கே வருகிறேன். 1879இலே பாகூரிலே செப்பேடு கிடைத்தது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனுடைய 8ஆம் ஆட்சியாண்டுச் செப்பேடு, ஒன்பதாம் நூற்றாண்டு. என்ன எழுதியிருக்கு? வாகூரிலே இருந்த வித்தியாஸ்தானத்துக்கு, அதாவது கல்விச்சாலைக்கு, மூன்று கிராமங்களைக் கொடுத்த தானம். மூன்று ஊர் வருமானம்! எதற்கு? படிக்கிறவன் சோற்றுக்குக் கவலைப்படாமல், நிதானமாக, வருஷக்கணக்கிலே உட்கார்ந்து படிக்கட்டும் என்று. அன்றைக்கு யார் யார் அங்கே படிக்க முடிந்தது, யாருக்குக் கதவு மூடியிருந்தது என்பது வேறு வழக்கு, அதையும் நான் மறக்கவில்லை. ஆனால் படிப்புக்கு நேரம் வேண்டும், வயிறு நிறைய வேண்டும் என்று அன்றைக்கு ஒருத்தன் நினைத்திருக்கிறான். அதே பாகூர் மண்ணிலே இன்றைக்கு நாம் பிள்ளைக்கு என்ன தானம் கொடுக்கிறோம்? ‘இந்த வருஷம் சீட் வாங்கலேன்னா மூஞ்சியிலே முழிக்காதே!’ (கைதட்டல்) ஒரு வருஷம் தவறினால் உலகமே முடிந்துபோகிற மாதிரி ஓர் அவசரம்.

போன மாசம் பாகூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலே இலக்கியக் கூட்டம் பேசிவிட்டுக் கிளம்புகிறேன். ஓர் அம்மா வந்தாங்க. ‘சார், எம் புள்ள இப்போ ரொம்ப நல்லா படிக்குது, தூங்கறதே இல்லே’ன்னு சந்தோஷமாத்தான் ஆரம்பிச்சாங்க. ‘ஆனா சோறு எறங்க மாட்டேங்குது சார். கை நடுங்குது. தங்கச்சி சிரிச்சா என்னைப் பாத்துத்தான் சிரிக்கிறேன்னு அடிக்கப் போறான்’னாங்க. ஏதாவது மாத்திரை சாப்பிடறானா அம்மான்னு கேட்டேன். ‘ஞாபக சக்திக்குன்னு ஃப்ரெண்டு வாங்கித் தர்றான் சார். நான்தான் காசு குடுக்கிறேன்’னாங்க. அந்தத் தாய் மேலே எனக்குக் கோபம் வரவில்லை. நாளைக்கே டாக்டரிடம் அழைச்சிட்டுப் போங்க, மாத்திரை அட்டையையும் எடுத்திட்டுப் போங்கன்னு சொல்லிட்டு வந்தேன். ஆசைதான் காரணம் என்று சொல்கிற எதிரணித் தோழர்களே, அந்தக் காசு யாருடைய ஆசையிலிருந்து வந்தது?

அந்தப் பையனுக்கு இந்த வழியைக் கற்றுக்கொடுத்தது யார்? தெருமுனைக் கெட்டவன் மட்டுமா? நான் வெட்டென்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நாமதான்! தலைவலின்னா ‘மெடிக்கல்லே சொல்லி வாங்கிட்டு வா’. சளின்னா ‘போன தடவை குடுத்த சீட்டு இருக்கு, அதையே காட்டு’. மூணு வருஷத்துக்கு முன்னாலே டாக்டர் எழுதின சீட்டு, மடித்து மடித்து நாலு துண்டாக் கிழிஞ்சிருக்கும், அரிசி டப்பாவிலே பத்திரமாக இருக்கும்! (சிரிப்பு) எதிர்வீட்டுப் பாட்டிக்கு முட்டிவலி என்றால் நம்ம மாத்திரையிலே ரெண்டு கொடுத்தனுப்புகிறோம், ஏதோ குழம்பு கொடுக்கிற மாதிரி. இதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைக்கு, சீட்டு என்பது டாக்டர் போட்ட வேலி என்று எப்படித் தெரியும்? அது வாங்குவதற்கு ஒரு டிக்கெட் என்றுதான் தெரியும். சீட்டு இல்லாமல் கொடுக்கிற கடைக்காரரைச் சட்டம் பிடிக்கட்டும், பிடிக்க வேண்டும். ஆனால் சீட்டு கேட்கிற கடைக்காரரை ‘ரொம்பத்தான் பண்றான்’னு சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போகிறவர்கள் யார்?

இன்னும் ஒன்று. இலக்குவன் பதினாலு வருஷம் தூங்கவில்லையே, அவனுக்கு என்ன கெட்டுப்போச்சு என்று எதிரணி அம்மையார் நகைச்சுவையாகக் கேட்டார்கள். கம்பனிலே இல்லாத ஒரு செவிவழிக் கதை இருக்கிறது. நித்திராதேவி வந்து கேட்டாளாம், ‘நீ தூங்காமல் இருந்துக்கோ, ஆனா உன் பங்குத் தூக்கத்தை யாராவது தூங்கியாகணுமே’ன்னு. அவன் மனைவி ஊர்மிளை அதை வாங்கிக்கொண்டு, பதினாலு வருஷம் அரண்மனையிலே தூங்கிக் கிடந்தாளாம். பாட்டி சொன்ன கதையிலே எவ்வளவு கணக்கு இருக்கு பாருங்கள்! இந்தப் பையன் தூங்காத தூக்கத்துக்கும் வீட்டிலே ஒருத்தி கடன் கட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் மட்டும் ஊர்மிளை மாதிரி தூங்கவில்லை. கதவுக்குப் பின்னாலே முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். (கைதட்டல்)

நடுவர் மணி மேலே கை வைத்துவிட்டார், ஒரே நிமிஷம் ஐயா. தாய்மார்களே, மருந்தை நிறுத்தினால் முதல் சில நாள் பையன் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவான். நிறையச் சாப்பிடுவான். எதிலும் பிடிப்பு இல்லாமல் அழுதுகொண்டு இருப்பான். வற்றின ஏரி நிரம்ப நாளாகும். அந்த நேரத்திலே ‘சோம்பேறி, பழையபடி ஆயிட்டியா’ன்னு சொல்லிவிடாதீர்கள். அறையிலே பூட்டி வைத்து அடிக்காதீர்கள், மந்திரிக்கிறவரிடம் கூட்டிப் போகாதீர்கள். நெஞ்சு படபடப்பு, செத்துவிடலாம் போலிருக்கு என்ற பேச்சு இருந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. கோரிமேட்டிலே ஜிப்மர் இருக்கிறது, அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது, பைத்தியத்துக்கு மட்டும் உள்ள இடம் அது இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகக் கூச்சமாக இருக்கிறதா, போன் பண்ணுங்கள். மத்திய அரசு 2022இலே தொடங்கின டெலி மானஸ், எண் 14416. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். போதை விடுவிப்புக்கென்றே இன்னொரு எண், 14446. பேனா இருக்கிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

(மணி ஒலிக்கிறது)

இதோ முடிச்சாச்சு ஐயா. அந்தக் கடைசி வரிசையிலே ஓர் அம்மா எழுதிட்டு இருக்காங்க, அவங்களுக்காக இன்னொரு தடவை. ஒன்று நாலு நாலு ஒன்று ஆறு. எழுதிட்டீங்களாம்மா?